மலை மிதிவண்டியின் சட்டம்: உறுதியும் செப்பனிடுதலும்

மிதிவண்டி வாங்கச் செல்பவர் விலையை விசாரிக்கிறார். வண்டியைக் கையால் தூக்கி எடையைப் பார்க்கிறார். வண்ணத்தையும் கியர்களின் எண்ணிக்கையையும் கவனிக்கிறார். சட்டம் முறிந்தால் அதனை எவர், எங்கே, எப்படிச் செப்பனிடுவார் என்று கேட்பவர் மிகச் சிலரே. கடைகளில் பிரேம் என்று வழங்கும் இச்சட்டமே வண்டியின் முதுகெலும்பாகும். டயர், சங்கிலி, பெடல் ஆகியவை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் முறிந்தாலோ வண்டியே போய்விட்டதாகக் கருதப்படுகிறது. மலைப் பாதையில் ஓட்டுவதற்கென்று ஒருவருடைய உடலளவுக்கு ஏற்பத் தனியே செய்விக்கப்படும் வண்டிகளில் இக்கேள்வி மேலும் கூர்மை அடைகிறது. அத்தகைய சட்டத்துக்கு நிகரான மற்றொன்று எக்கடையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை.

ஒரு பொருளின் உறுதியை மதிப்பிடும்போது, அது எத்தனை காலம் முறியாமல் நிற்கும் என்பதை மட்டும் கணக்கிடுவது வழக்கம். அது பாதிக் கணக்கேயாகும். முறிந்தபின் எத்தனை எளிதாகவும், எத்தனை அபாயமின்றியும் அது மீண்டும் பயனுக்கு வரும் என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும். இக்கருத்தை ஏற்றுக்கொண்டால், சட்டத்துக்கு எந்த உலோகத்தைத் தேர்வது, தொழிற்பள்ளிகளில் எதனைக் கற்பிப்பது, செய்பவரிடம் எந்த விவரங்களைக் கேட்டுப் பெறுவது என்னும் கேள்விகளுக்கெல்லாம் தெளிவான விடை கிடைத்துவிடும்.

நெருளும் அதன் குன்றுகளும்

மும்பைத் தீவுக்குக் கிழக்கே, தாணே கடற்கழியைக் கடந்து சென்றால் நவி மும்பையில் நெருள் இருக்கிறது. 1970-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சிட்கோ கழகம் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மேற்கே அலையாத்திக் காடுகளை ஒட்டிப் பாம் பீச் சாலை செல்கிறது. கிழக்கே பார்சிக் குன்றுகளும், தென்கிழக்கே கார்கர் மலையும், அவற்றுக்கு அப்பால் சஹ்யாத்திரித் தொடரும் உள்ளன. சமதரைச் சாலையும் கரடுமுரடான மலைத்தடமும் இத்தனை நெருக்கமாக அமைந்த நகரப் பகுதிகள் இந்நாட்டில் மிகுதியாக இல்லை.

மிதிவண்டிச் சட்டத்துக்கு வரக்கூடிய மூன்று கேடுகளும் இவ்விடத்தில் ஒன்று கூடுகின்றன. குன்றின் கற்பாதை ஓயாத அதிர்ச்சியைத் தருகிறது. கடற்கழியின் உப்புக் காற்று வண்ணப் பூச்சின் சிறு கீறல் வழியாகவும் உலோகத்தைத் தொடுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்து, குழாய்களின் உட்புறத்தில் நீரைத் தேக்குகிறது. எனவே, சட்டத்தின் உறுதி பற்றிய ஆராய்ச்சிக்கு நெருளைக் காட்டிலும் பொருத்தமான இடம் தேட வேண்டியதில்லை.

நோய்க்கு அருகிலேயே மருந்தும் உண்டு. தாராவியின் சந்துகளில் உலோகத்தை வெட்டவும், வளைக்கவும், பற்றவைக்கவும், உருக்கவும் பழகிய கைகள் ஏராளம். மும்பைக்கு மிதிவண்டித் தொழில் புதிதன்று. வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ் என்னும் ஆலை நெடுங்காலம் வண்டிகளைச் செய்துவந்தது. 1980-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் அதுவும், அஸன்ஸாலில் இயங்கிய சென்-ராலே ஆலையும் அரசுடைமையாயின. பிற்காலத்தில் இரண்டுமே மூடப்பட்டன. ஆலைகள் மறைந்தாலும் பழுது பார்க்கும் தொழில் மறையவில்லை. அத்தொழிலுக்கு இன்று உரிய அறிவும் மதிப்பும் கிடைக்கின்றனவா என்பதே ஆராயத்தக்கது.

பழுதிலிருந்து பிறந்த வண்டி

இன்றைய மிதிவண்டியின் சட்ட அமைப்பு 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டியிலிருந்து வளர்ந்தது. 1897-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்பிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் ஒரு புதுமைக்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் வெளி விட்டம் மாறாமல், இணைப்பு வரும் இரு முனைகளிலும் சுவர் தடித்தும், இடைப்பகுதியில் மெலிந்தும் இருக்குமாறு இழுப்பதே அப்புதுமை. வலிமை வேண்டிய இடத்தில் உலோகத்தை வைத்து, வேண்டாத இடத்தில் குறைக்கும் இம்முறை இன்றும் சிறந்த சட்டங்களில் கையாளப்படுகிறது.

மலை மிதிவண்டியின் வரலாறு இன்னும் பொருள் பொதிந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் வண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவில் ஓட்டலாயினர். 1976 அக்டோபரில் அங்கு நடைபெறத் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். ஒருமுறை இறங்கியதும் பின் சக்கர அச்சின் பிரேக்கில் உள்ள கிரீஸ் எரிந்து ஆவியாகிவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்த பின்னரே அடுத்த முறை ஓட்ட முடியும். இப்பழுதிலிருந்தே அப்பெயர் எழுந்தது. பழைய சட்டங்கள் வளைந்தும் முறிந்தும் போனதைக் கண்ட ஜோ பிரீஸ், 1977-இல் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைக் கொண்டு மலைப்பாதைக்கென்றே ஒரு சட்டத்தைக் கையால் செய்தார். உறுதிக்காகத் தலைக்குழாயிலிருந்து பின்புறம் வரை இரண்டு பக்கக் குழாய்களையும் சேர்த்தார். செப்பனிட்டுச் செப்பனிட்டு, எது எங்கே முறிகிறது என்று அறிந்தவர்களே புதிய வண்டியைப் படைத்தனர் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது.

இந்தியாவில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், 1955-இல் ஆவடியில் எழுந்த குழாய் ஆலையும், லூதியானாவின் ஆலைகளும் இத்தொழிலுக்கு அடித்தளம் இட்டன. அண்மைக் காலத்தில் புனேயில் சைனைட் என்னும் சிறு நிறுவனம் குரோம்-மாலிப்டினம் எஃகில் மலைச் சட்டங்களைச் செய்திருக்கிறது. ஆகவே, தனிச் செய்முறை இந்நாட்டுக்கு எட்டாத கலை அன்று.

உலோகம் அயர்வடைவது எவ்வாறு?

சட்டங்கள் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. ஒரு முறை தாங்கக்கூடிய பளுவைப் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப ஏற்றும்போது உலோகத்தில் நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. அது ஒவ்வோர் ஏற்றத்திலும் சிறிது சிறிதாக நீண்டு, எஞ்சிய உலோகம் பளுவைத் தாங்காத நிலையில் திடீரெனப் பிளந்துவிடுகிறது. இதனை உலோக அயர்வு என்பர். ஜெர்மானியப் பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 1860-களிலும் ரயில் வண்டி அச்சுகளை ஆராய்ந்து இவ்வுண்மையை நிறுவினார். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் வானில் சிதறியதற்கும் அயர்வே காரணமாயிற்று.

முறிந்த பரப்பைப் பார்த்தே வரலாற்றைப் படிக்கலாம். மெல்ல வளர்ந்த வெடிப்பின் பகுதி வழவழப்பாகவும், நீர் புகுந்து கறுத்தோ துருவேறியோ காணப்படும். இறுதியில் திடீரென முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் பளிச்சென்றும் இருக்கும். கறுத்த பகுதி அகன்றிருந்தால், வண்டி பல நாள் எச்சரித்துக்கொண்டே இருந்தது என்பதும், எவரும் அதனைக் கவனிக்கவில்லை என்பதும் விளங்கும்.

மிதிவண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் உலகத் தரம், மலை வண்டிச் சட்டத்தின் பெடல்களில் மாற்றி மாற்றி 1,200 நியூட்டன் விசையை 1,00,000 சுற்றுக்கு ஏற்றிச் சோதிக்கக் கோருகிறது. இவ்விசை ஏறத்தாழ 122 கிலோகிராம் எடைக்குச் சமம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் 3,600 சுற்றுகளை முடிக்கிறார். 28 மணி நேரத்தில் 1,00,000 சுற்றைத் தாண்டிவிடுகிறார். ஆயினும் 28 மணி நேரத்தில் சட்டங்கள் முறிவதில்லை. அன்றாட மிதிப்பின் விசை சோதனை விசையைவிட மிகக் குறைவு. விசை குறையக் குறையத் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகுகிறது. குன்றிலிருந்து குதித்து இறங்கும் ஒருவருடைய சட்டம் சாலையில் மட்டும் செல்பவருடையதைவிட விரைவில் முதுமையடைவதற்கு இதுவே காரணம். சட்டத்தின் வயதை ஆண்டுகளால் அன்றி, அது பட்ட அடிகளால் கணிக்க வேண்டும்.

இதனை வகுப்பறையில் காட்டுவது எளிது. ஒரே சுருளிலிருந்து கம்பித் துண்டுகள் சிலவற்றை வெட்டிக்கொள்ளலாம். ஒன்றைச் செங்கோணம் வரை வளைத்து நிமிர்த்தி, எத்தனை முறையில் முறிகிறது என எண்ண வேண்டும். மற்றொன்றை அதில் பாதிக் கோணத்துக்கு மட்டும் வளைக்க வேண்டும். வளைவு பாதியானால் முறைகள் இருமடங்குக்கு மேலும் கூடுவதை மாணவர் தாமே காண்பர். மூன்றாவது துண்டில் அரத்தால் சிறு கீறல் இட்டு வளைத்தால், அது கீறிய இடத்திலேயே விரைந்து முறியும். ஒரு கீறலும், ஒரு கூர்மையான மூலையும், ஒரு மோசமான பற்றுமானமும் சட்டத்தின் ஆயுளை எப்படிக் குறைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

எஃகும் பிறவும்

இங்கு ஓர் உண்மையை மறைக்காது கூற வேண்டும். எஃகு முறியாது என்பதும், அலுமினியம் விரைவில் முறியும் என்பதும் மெய்யன்று. எஃகுக்கு ஒரு குறிப்பிட்ட விசைக்குக் கீழே அயர்வின் எல்லை உண்டு என்பதும், அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை என்பதும் சரியே. ஆனால் சட்டத்தின் ஆயுள் உலோகத்தோடு வடிவத்தையும், குழாயின் விட்டத்தையும், இணைப்பின் தரத்தையும் சார்ந்திருக்கிறது. 1997-இல் ஜெர்மனியின் டூர் சஞ்சிகை உயர்தரப் பந்தயச் சட்டங்கள் பன்னிரண்டை அயர்வுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, எஃகுச் சட்டங்கள் முறிந்தன. இறுதிவரை நின்றவை அலுமினியச் சட்டங்களும் கரிநார்ச் சட்டமுமே. ஆகவே, முறியாத தன்மையை மட்டும் கொண்டு எஃகுக்காக வாதாடுவது பொருந்தாது.

வேறுபாடு முறிந்த பின்னரே தோன்றுகிறது. எஃகுச் சட்டத்தை வெப்பப்படுத்திப் பற்றவைக்கலாம். பித்தளைப் பற்றாசு கொண்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸிலும், வெள்ளிப் பற்றாசு கொண்டு 700 டிகிரிக்கும் குறைவான வெப்பத்திலும் இணைக்கலாம். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும் என்பதால், பற்றாசு உருகி ஓடும்போது குழாய் உருகாமல் நிற்கிறது. முறிந்த குழாயை முழுவதும் கழற்றிப் புதிய குழாயை வைக்கவும் இயலும். இவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜன்-அசிட்டிலீன் விளக்கு தாராவியிலும் உண்டு. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் உண்டு.

அலுமினியத்தின் நிலை வேறு. சட்டங்களில் மிகுதியாகப் பயன்படும் 6061 என்னும் கலவை, வெப்பப் பதத்தினாலேயே தன் வலிமையைப் பெறுகிறது. பதப்படுத்திய நிலையில் அதன் நெகிழ்வு எல்லை ஏறத்தாழ 276 மெகாபாஸ்கல்; பதம் முற்றிலும் நீங்கிய நிலையில் அது 55 அளவுக்கு இறங்கிவிடும். பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி பாதியளவு வலிமையையோ அதற்கு மேலுமோ இழக்கிறது. ஆலையில் சட்டம் முழுவதையும் 530 டிகிரி அளவில் சூடேற்றி, உடனே குளிர்வித்து, மீண்டும் 160 முதல் 175 டிகிரி வரை பல மணி நேரம் வைத்து அவ்வலிமையை மீட்கின்றனர். தெருக்கடையில் இது நடவாது. பற்றவைத்த வெள்ளிக் கோடு பார்வைக்கு அழகாக இருக்கும். அதன் அருகிலேயே சட்டம் மீண்டும் முறியும். கரிநார்ச் சட்டத்தைத் தேர்ந்த வல்லுநர் செப்பனிடலாம். ஆனால் அதன் உள்ளடுக்குகள் பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. டைட்டானியத்தைப் பற்றவைக்கும்போது குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயுவால் காக்க வேண்டும். காற்றுப் பட்டால் உலோகம் நொறுங்குந்தன்மை அடையும்.

முறிந்த அலுமினியம் உருக்குலைக்குச் செல்வது வீணாவதாகாது என்று சிலர் கூறுவர். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்கே செலவாகும் என்பது உண்மை. எனினும், உருக்கியபின் எஞ்சுவது கட்டி உலோகம் மட்டுமே. அளந்து வெட்டிய குழாயும், பொருத்திய கோணமும், செய்தவருடைய உழைப்பும் உலையில் மறைந்துவிடுகின்றன. மறு உருக்கத்தைக் காட்டிலும் செப்பனிடுதல் மேலானது என்பதற்கு இதுவே காரணம்.

வெடிப்பைக் கண்டறிதல்

செப்பனிடுதல் கண்டறிதலில் தொடங்குகிறது. மலைச் சட்டத்தில் வெடிப்பு வழக்கமாகத் தோன்றும் இடங்கள் சிலவே. தலைக்குழாயும் கீழ்க்குழாயும் கூடும் மூட்டின் அடிப்புறம் முதலாவது. இருக்கைத் தண்டைப் பிடிக்கும் பிளவின் முனை இரண்டாவது. பெடல் அச்சுக்கூட்டை ஒட்டிய மூட்டுகள் மூன்றாவது. பின் சக்கர அச்சைத் தாங்கும் தகடுகள் நான்காவது. இருக்கைத் தண்டைக் குறித்த கோட்டுக்கு மேலே இழுத்து வைத்து ஓட்டுவோரின் வண்டிகளில் இரண்டாவது இடமே முதலில் கெடுகிறது.

வண்ணப் பூச்சில் மயிரிழை போன்ற கோடோ, துருவின் கசிவோ தெரிந்தால் ஐயம் கொள்ள வேண்டும். பழைய ரயில்வே பட்டறைகளில் வழங்கிய ஒரு முறை இன்றும் உதவும். ஐயத்துக்குரிய இடத்தில் வண்ணத்தை நீக்கித் துடைத்து, மண்ணெண்ணெயைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பின்பு நன்றாகத் துடைத்துவிட்டு, கரும்பலகைச் சுண்ணக்கட்டியின் தூளை மெல்லத் தூவ வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெண்தூளில் ஒரு கருங்கோடாகத் தோன்றும். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. எண்ணெயை முற்றிலும் நீக்கிய பின்னரே பற்றவைப்பைத் தொடங்க வேண்டும்.

சட்டம் கோணலா என்று அறிய ஒரு நூல் போதும். பின் அச்சுத் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு தகட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். இருக்கைக் குழாய்க்கும் இருபுறத்து நூலுக்கும் உள்ள இடைவெளிகளை அளந்தால், அவை சமமாக இருக்க வேண்டும். வேறுபட்டால் சட்டத்தின் பின்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்துள்ளது என்பது பெறப்படும்.

நன்றாகவும் தீதாகவும் செப்பனிடுதல்

வெடிப்பின் மேல் உலோகத்தை வழித்து மூடிவிடுவது செப்பனிடுதல் ஆகாது. வெடிப்பின் முனைகளைக் கண்டு, அது முழுவதையும் அராவி நீக்கி, தூய உலோகம் தெரிந்த பின்னரே பற்றவைக்க வேண்டும். முன்பு பித்தளைப் பற்றாசு இட்ட மூட்டின் மேல் எஃகை உருக்கிப் பற்றவைத்தல் பெருந்தவறு. பித்தளையில் உள்ள துத்தநாகம் ஆவியாகிப் பற்றுமானத்தைத் துளைகளாக்கும். செம்பு எஃகின் மணிகளுக்கிடையே புகுந்து வெடிப்பை உண்டாக்கும். குரோம்-மாலிப்டினம் எஃகின் மேல் சூடாக இருக்கும்போது நீர் ஊற்றுவதும் தவறு. அது கடினமாகி நொறுங்குந்தன்மை பெறும். காற்றோட்டமில்லாத இடத்தில் மெல்ல ஆறவிடுவதே முறை.

ஒட்டுத்தகடு வைத்து வலுப்படுத்துவோர் அதன் முனைகளைச் சதுரமாக விடுதல் கூடாது. தடித்த பகுதி சட்டென முடியும் இடத்தில் விசை குவிந்து, அடுத்த வெடிப்பு அங்கேயே பிறக்கும். முனைகளை இலை நுனி போல் கூம்பச் செய்தால் விசை படிப்படியாகப் பரவும். இடையில் 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் சுவருடைய குழாயில் தண்ணீர்க் குழாயைப் பற்றவைக்கும் அதே கைவேகமும் வெப்பமும் ஒவ்வா. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் புகை காய்ச்சலைத் தரும்; காட்மியம் கலந்த பழைய வெள்ளிப் பற்றாசின் புகை உயிருக்கே தீங்கு செய்யும். செப்பனிடுபவரின் உடல்நலமும் இத்தொழிலின் கணக்கில் சேர வேண்டியதே.

தலைக்குழாயிலும் முன் கவையிலும் வரும் வெடிப்புக்குத் தனி விதி வேண்டும். அங்கு முறிந்தால் ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார். முன் கவையைச் செப்பனிடாமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை. முடியாது என்று சொல்லத் தெரிந்த பழுதுபார்ப்பவரே நல்ல பழுதுபார்ப்பவர்.

துருவைத் தடுப்பது செப்பனிடுதலைவிட மலிவு. பெடல் அச்சுக்கூட்டின் அடியில் உள்ள வடிகால் துளை அடைபடாமல் இருத்தல் வேண்டும். மழைக்காலத்துக்கு முன் குழாய்களின் உட்புறத்தில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால், அது உலர்ந்து மெல்லிய படலமாகக் காக்கும். எஃகுக் குழாயில் செருகிய அலுமினிய இருக்கைத் தண்டுக்கு ஆண்டுதோறும் கிரீஸ் இட வேண்டும்; உப்பு நீர் இடையில் புகுந்தால் இரு உலோகங்களும் மின்கலம் போல் இயங்கி ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும்.

மறுப்புகளும் விடைகளும்

எஃகு கனமானது என்பது முதல் மறுப்பு. மலைச் சட்டத்தில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 கிலோகிராம் என்று கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோகிராம் என்றால், அது 75-இல் ஒரு பங்கு. அரை மணி நேரம் ஏற வேண்டிய ஒரு குன்றில் அதனால் வரும் தாமதம் சுமார் 24 விநாடி. பந்தய வீரருக்கு அது பெரிது. காலை நேரத்தில் பார்சிக் குன்று ஏறும் ஆசிரியருக்கோ, காட்டுப் பாதையில் செல்லும் களப்பணியாளருக்கோ அது பொருட்டன்று.

செப்பனிட்ட சட்டம் அபாயமானது என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவுள்ள மறுப்பே. தேர்ச்சியற்ற கையால் செப்பனிட்ட சட்டம், முறிந்த சட்டத்தைவிட ஆபத்தானது. முறிந்ததை எவரும் ஓட்டமாட்டார், மறைந்து கிடக்கும் வெடிப்பை நம்பி ஓட்டுவர். ஆனால் இம்மறுப்பிலிருந்து பெறப்படும் முடிவு பயிற்சி வேண்டும் என்பதே. செப்பனிடுதலைக் கைவிட வேண்டும் என்பதன்று. மருத்துவம் தெரியாதவர் கெடுதல் செய்கிறார் என்பதால் மருத்துவத்தை விலக்குவார் இல்லை.

புதிய சட்டம் மலிவாகக் கிடைக்கும்போது பழையதைச் செப்பனிடுவது வீண் செலவு என்பது மூன்றாவது மறுப்பு. ஆலையில் இலட்சக்கணக்கில் செய்யப்படும் சாதாரண வண்டிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். தனியே செய்வித்த சட்டத்துக்கு இது பொருந்தாது. அங்கு ஒரு குழாயை மாற்றும் செலவு, முழுச் சட்டத்தையும் மீண்டும் செய்விக்கும் செலவில் சிறு பங்கே.

செய்யத்தக்கன

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. மிதிவண்டி அப்பட்டியலில் தனியே பெயர் பெறவில்லை. பெறுதல் நன்று. அதற்கு முன்பே செய்யக்கூடியவை மூன்று உள.

முதலாவது, ஒவ்வொரு சட்டத்தோடும் ஒரு விவரச் சீட்டு வர வேண்டும். உலோகத்தின் பெயர், குழாய்ச் சுவரின் பருமன், இணைத்த முறை, பற்றாசின் வகை, வெப்பப் பதம் உண்டா இல்லையா என்னும் ஐந்து விவரங்கள் போதும். பெடல் அச்சுக்கூட்டின் அடியில் பொறித்த எண்ணோடு அச்சீட்டு இணைக்கப்பட்டால், பத்தாண்டுக்குப் பின்னும் செப்பனிடுபவர் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. தனியே செய்விப்போர் இதனை இன்றே கேட்டுப் பெறலாம். செய்பவருக்கு இதனால் ஒரு தாளின் செலவே ஆகும்.

இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்புப் பயிலும் மாணவருக்கு மெல்லிய குழாய் இணைப்பில் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும். தடித்த தகட்டில் கைதேர்ந்தவரும் அரை மில்லிமீட்டர் குழாயில் துளையிட்டுவிடுவது இயல்பு. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சிக் கூடமும், ஜாம்ஷெட்பூரில் 1950 முதல் இயங்கும் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடமும் இந்நாட்டில் உள்ளன. அணுமின் நிலையக் குழாய்களுக்கு வழிகாட்டும் அறிவு, மிதிவண்டிக் குழாய்க்கும் ஒரு சிறு கைநூலாக இறங்கி வரலாம். அந்நூல் தமிழிலும் மராத்தியிலும் அமைந்தால் தாராவியின் பட்டறைகளில் அது படிக்கப்படும்.

மூன்றாவது, பள்ளிகள். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவருக்கு அரசு இலவச மிதிவண்டி வழங்கிவருகிறது. அவ்வண்டிகள் மலைப்பாதைக்கானவை அல்ல. ஆயினும் அயர்வின் விதி அவற்றுக்கும் ஒன்றே. ஒரே வண்டியில் மூவர் ஏறிச் செல்வதும், கேரியரில் மூட்டைகளை ஏற்றுவதும் எந்த மூட்டைத் தாக்குகின்றன என்று மாணவர் அறிதல் வேண்டும். பள்ளி வண்டி நிறுத்துமிடத்தில் பருவத்துக்கு ஒருமுறை, மேலே கூறிய நான்கு இடங்களையும் மாணவரே சோதித்துக் குறிப்பெழுதினால், பௌதிகப் பாடமும் உயிர்க் காப்பும் ஒருங்கே கைகூடும். காட்டுத் துறையிலும் நில அளவையிலும் மிதிவண்டி கொண்டு பணியாற்றும் களப்பணியாளர், மாதந்தோறும் தம் வண்டிக்கு இச்சோதனையைச் செய்துகொள்ளலாம். சுண்ணக்கட்டித் தூளும், ஒரு சிட்டிகை மண்ணெண்ணெயும், நூலும் தவிர வேறு செலவு இதற்கு இல்லை. நூல் மட்டும் சட்டத்தின் நீளத்துக்கு இருமடங்காக இருத்தல் வேண்டும்.